உன் அம்மாவின் சிவப்புக் கோடு

கார்த்தி, நான் வாட்ஸப்பில் எதை அனுப்பினாலும் நீ ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புகிறாய். மதுரையில் மழை என்றால் கட்டைவிரல். முட்டி வலிக்கிறது என்றாலும் அதே கட்டைவிரல். போன மாதம் நீயும் நிவேதாவும் வந்திருந்தபோது நம் வீட்டில் ஒரு சாயங்காலம் நடந்ததே, அதைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் கட்டைவிரல்தான். அதனால்தான் இதை ஊரறிய எழுதுகிறேன். படித்துவிட்டு நாலு பேர் உன்னிடம் விசாரித்தால் அவர்களுக்காவது வாயைத் திறந்து பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். நிவேதாவோடு கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அப்பன் எழுதும் கடிதத்தில் பொறுமை, சிக்கனம், விட்டுக்கொடுத்தல் என்று கனமான சாமான்கள் இருக்கும். செல்லூரில் விசைத்தறி உதிரிபாகக் கடை வைத்துக்கொண்டு, கடை ஓய்ந்த நேரத்தில் பத்திரிகைக்குச் சிரிப்புக் கதை எழுதுகிற என்னிடம் அந்தச் சரக்கு கிடையாது. எனக்குத் தெரிந்தவை இரண்டுதான்: தறி பெல்ட், கொரியா நாடகம். பெல்ட் வேண்டாமென்று நீ பெங்களூருக்குப் போய்விட்டாய். மிச்சம் இருப்பதைத் தருகிறேன். நடுவில் கொஞ்சம் பேய் வரும். பயப்படாதே, தெரிந்தவள்தான்.

நான் கொரியா நாடகத்தில் விழுந்ததே உன் அம்மாவால். ஊரடங்கில் நம் தெருத் தறிகள் மொத்தமாக நின்றுபோன நாட்கள் உனக்கு நினைவிருக்கும். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே ஊறிய காதுக்கு அந்த அமைதி காய்ச்சல் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டில் தண்ணீர் குடித்தால் நம் வீட்டில் கேட்டது. அந்த அமைதியை அடைக்கத்தான் உன் அம்மா டிவி வழியாகக் கொரியாக்காரர்களை வீட்டுக்குள் கூட்டிவந்தாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேலி பேசினேன். "ஏண்டி, எல்லாப் பயலும் ஒரே மூஞ்சியாத்தான இருக்கான். யாரு எவன்னு எப்படிக் கண்டுபிடிக்கிற?" என்றேன். அவள் திரும்பக்கூட இல்லை. "ஒங்க கடையில தொங்குற பெல்ட்டு அம்புட்டும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது. நீங்க நம்பர் பார்க்காமயே எடுத்துக் குடுக்கலையா? பேப்பரை நேராப் பிடிங்க, தலைகீழா இருக்கு" என்றாள். உண்மையிலேயே தலைகீழாகத்தான் இருந்தது. அன்றைக்கு ஒருத்தன் ஒருத்திக்குக் குடை பிடித்தான். குடை முழுக்க அவள் பக்கம் சாய்ந்திருந்தது. அவனுடைய ஒரு தோள் நனைந்துகொண்டே இருந்தது. அவ்வளவுதான் காட்சி. நான் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். வேர்க்கிறது என்று சொன்னேன். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நம் ஊர் நெடுந்தொடரில் ஒரு அறை விழுந்தால் மூன்று பக்கத்திலிருந்து காட்டி, வீட்டில் இருக்கும் எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, இடியும் இடித்து, தொடரும் போட்டுவிடுவார்கள். அந்தப் பக்கத்து ஆட்களின் வித்தை வேறு. கொரியாக்காரன் பாதித் தொடர்வரை விரலைத் தொட மாட்டான். தொடும்போது நாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். அதற்குள் எல்லாரும் கொதிக்கக் கொதிக்க நூடுல்ஸை உறிஞ்சுவார்கள். அம்மா அந்த இடத்தை மட்டும் ரிவைண்ட் பண்ணிப் பார்ப்பாள். ஜப்பான்காரனுடைய தொடரில் எதுவுமே நடக்காது. ஒரு கிழவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து எதிரில் காலியாக இருக்கும் நாற்காலிக்கு முன்னால் பாதியை வைப்பார். நான் துண்டைத் தேடுவேன். தாய்லாந்துக்காரன் பேயைக்கூடக் குடும்பத்து ஆளாக்கிச் சாப்பிட உட்கார வைத்துவிடுவான். பேரையூரில் இருக்கும் உன் மாமா முருகேசன், அதாவது அம்மாவுக்குத் தம்பி, துருக்கி நாடகக் கட்சி. "மச்சான், அவன் முறைச்சுப் பார்க்க ஆரம்பிச்சான்னா நான் தோட்டத்துக்குப் போய் மோட்டாரை நிப்பாட்டிட்டு வந்துருவேன். வந்து பார்த்தா அப்பவும் முறைச்சுக்கிட்டுத்தான் இருப்பான். நம்மளுக்கு வசதியான நாடகம்" என்பான். உனக்கு ஒன்று சொல்கிறேன். நிவேதாவோடு உட்கார்ந்து பார்க்கும்போது அந்த ஆரம்பப் பாட்டைத் தள்ளிவிடாதே. உன் அம்மா ஒரு நாளும் தள்ளவிட்டதில்லை. "கல்யாண வீட்டுக்குப் போனா நேராப் பந்தியிலயா போய் உக்காருவீங்க?" என்று கேட்பாள். நான் அப்படித்தான் உட்காருவேன் என்பது வேறு விஷயம்.

அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. நீ அதை மறந்திருக்க மாட்டாய். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் சின்னப் பிள்ளையில் நீ அழுதால் வாயில் கல்கண்டைத் திணித்துவிடுவாள். கொரியாக்காரிகளுக்குக் கல்கண்டு கொடுக்க முடியாதே. அதனால் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் கதாநாயகி உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தால் அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை மட்டும் நிறுத்திவிடுவாள். அந்தப் பெண் மார்பில் அடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் அழுவாள். அம்மா போய் விளக்கேற்றி, விபூதி பூசிக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, "இப்ப அழுவு தாயி" என்று சத்தத்தைத் திறந்துவிடுவாள். ஒருமுறை முருகேசன் வந்திருந்தபோது டிவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அதன் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினான். "லே, அவ புருசன் செத்துட்டான்னு அழுகுறா. நம்ம வீட்டுக்குள்ள எதுக்குடா அந்தச் சத்தம்?" என்று அம்மா அவன் மண்டையில் ஒன்று போட்டாள்.

அவள் கடைசியாகப் பார்த்தது அந்தப் படகுத் தொடர். தீவுக்கும் கரைக்கும் போய்வரும் பயணிகள் படகில் ஒரு பெண் டிக்கெட் கிழிக்கிறாள். எப்போது எண்ணினாலும் ஏறிய ஆட்களைவிடக் கிழித்த டிக்கெட் ஒன்று கூடுதலாக இருக்கும். படகு இன்ஜினைப் பார்த்துக்கொள்கிற பையன் ஒருத்தன் அவளோடு சிரித்துச் சிரித்துப் பேசுவான். நான் இவர்களுக்கு எப்போது கல்யாணம் என்று காத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். "ஏங்க, அந்தப் பய உசுரோட இல்ல." எப்படிச் சொல்கிறாய் என்றேன். "மழையில நிக்கிறான், சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு. செருப்பப் பாருங்க. செருப்பு நனையல." பார்த்தேன். மரப்பலகையெல்லாம் தண்ணீர் ஓடுகிறது. அவனுடைய செருப்பு மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி காய்ந்து கிடக்கிறது. அதிலிருந்து நான் கடைக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்க்க ஆரம்பித்தேன். மழை நாட்களில் இன்னும் பார்க்கிறேன்.

தொடர் பாதியில் இருக்கும்போதுதான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் டேப்லெட்டைக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தேன். பார்க்க முடியவில்லை, கண் கூசுகிறது என்றாள். "நான் வீட்டுக்கு வாரேன், வந்து பார்த்துக்கிறேன். அதுக்குள்ள நீங்க மட்டும் திருட்டுத்தனமாக் கடைசி எபிசோடப் பார்த்துட்டு வந்து கதை சொன்னீங்க, தெரியும் சேதி" என்றாள். பார்க்க மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அந்தத் தொடர்களில் வரும் புருசன்மார்கள் ஆஸ்பத்திரியில் எவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள். நான் என்ன பேசினேன் தெரியுமா? ஆஸ்பத்திரி கேண்டீன் வடையில் உப்பு இல்லை என்று சொன்னேன். அதற்கு அவள் சிரித்தாள். கொரியா நூடுல்ஸ் வேண்டும் என்று கேட்டாள். அதில் உப்பு அதிகம், ஆகாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். வடையில் இல்லாத உப்பு நூடுல்ஸில் இருந்து என்ன செய்ய.

அவள் போனபிறகு வந்த முதல் அமாவாசைக்கு மொட்டை மாடியில் படையல் வைத்தபோது நீயும் இருந்தாய். வடை, பாயசம், அவளுக்குப் பிடித்த பீர்க்கங்காய்க் கூட்டு எல்லாம் இலையில் இருந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் ஒரே ஒரு காகம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது, இறங்கவில்லை. முருகேசன் கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோய், "மச்சான், அக்கா கடைசியா என்னத்தக் கேட்டுச்சு?" என்றான். நான் கீழே ஓடி, நூடுல்ஸைக் கொதிக்க வைத்து, ஆவி பறக்க இலையில் கொட்டினேன். அந்தக் காகம் இறங்கி, வடையைத் தாண்டி நடந்து, நூடுல்ஸில் ஒரு இழையை நீளமாக இழுத்துக்கொண்டு பறந்தது. நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். கீழே வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொரியாக்காரர்களும் செத்தவர்களுக்கு இப்படித்தான் வைக்கிறார்கள். சோற்றில் கரண்டியை நட்டுவைத்து, வாசல் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு உன் அம்மா சொன்னது: "நம்ம சாதிசனம்தாங்க இவங்க. நாம கூப்பிடுறோம், அவங்க கதவத் தெறந்து வைக்கிறாங்க. வர்றவுக வரத்தான செய்வாக."

வந்தாள். அதைத்தான் சொல்ல வருகிறேன். நம் டிவியைப் போட்டதும் யார் பார்க்கிறது என்று ஒரு கேள்வி கேட்கும், கீழே ஐந்து பொம்மை முகங்களைக் காட்டும். ஒன்று நான், ஒன்று நீ, ஒன்று துருக்கி முருகேசன், ஒன்று திருச்சியில் இருக்கும் உன் அக்கா பிள்ளைகளுக்கு, ஒன்று உன் அம்மா. ஆள் இல்லாத வீட்டில் யார் பார்க்கிறது என்று ஒரு மெஷின் கேட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. ஒருநாள் மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தவன், கை தவறித்தான் அவள் முகத்தை அமுக்கினேன். படகுத் தொடரின் படம் முதலில் நின்றது. அதன் கீழே எவ்வளவு பார்த்திருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கோடு. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவள் விட்ட இடம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பையன் படகின் அடித்தளத்தில் தன் சொந்தப் பெயர் எழுதிய லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்து நிற்கும் இடம். இப்போது கோடு அதைத் தாண்டி இருந்தது. இரண்டு எபிசோடு தள்ளி.

நானே தூக்கக் கலக்கத்தில் பார்த்திருப்பேன் என்று முதலில் நினைத்தேன். கதையைச் சொல்லிப் பார்த்தேன். அவள் விட்ட இடத்துக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மதியமும் பார்த்தேன். கோடு வளர்ந்திருந்தது. திரையை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அந்தப் பக்கத்தை மூடி மறுபடி திறந்தேன். நகத்து அளவு நகர்ந்திருந்தது. நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெளியே தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று கரண்ட் போய் அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றன. கறுத்துப்போன டிவிக் கண்ணாடியில் நானும், எனக்குப் பின்னால் அவள் உட்காரும் பிரம்பு நாற்காலியும் தெரிந்தோம். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தைரியசாலி என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. செருப்பைக்கூட மாட்டாமல் கடைக்கு ஓடிவிட்டேன்.

முருகேசனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் ரிமோட்டை மஞ்சள் பையில் போட்டு, என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு, டி. கல்லுப்பட்டி தாண்டி, உடுக்கையடித்துக் குறி சொல்லும் ஒரு கோடாங்கியிடம் கொண்டுபோய் உட்கார வைத்தான். கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு ரிமோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தம்மா என்னத்தப் பார்க்குது?"

"கொரியாங்க சாமி."

"அது எங்கிட்டு இருக்கு?"

"கெழக்காம," என்றான் முருகேசன்.

"என்ன நாடகம்?"

நான் படகுக் கதையைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு குனிந்து, மெல்லிய குரலில், "அந்தப் பய செத்தவந்தான?" என்றார். ஆமாம் என்றேன். "நெனச்சேன். எங்க வீட்டு மருமக இதைத்தான் வேளைக்குச் சோறாக்காமப் பார்த்துக்கிட்டு இருக்கா. முடிவச் சொல்லிறாதீக" என்றவர், ரிமோட்டுக்கு விபூதி போட்டு, கறுப்புக் கயிறு ஒன்றைச் சுற்றிக் கொடுத்தார். "அந்தம்மா ஒண்ணும் கெடுதல் செய்யாது. விட்டதப் பார்க்குது, அம்புட்டுத்தேன். இதை அது போட்டோவுக்கு முன்னால வச்சிரு. தேவைப்பட்டா எடு, சோலி முடிஞ்சதும் அங்கனயே வச்சிரு." அன்றிலிருந்து ரிமோட் இருப்பது அம்மா படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில். நீ வந்தபோது பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாயே, அந்தக் கயிற்றின் வரலாறு இதுதான்.

பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. மதியம் வீட்டுக்கு வரும்போது தொண்டையைச் செருமிக்கொண்டே வர ஆரம்பித்தேன், பார்க்கிறவளைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்று. பிரம்பு நாற்காலிக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். கோட்டைப் பார்த்தால் அன்றைய மதியம் அவளுக்கு எப்படிப் போனது என்று தெரியும். ஒருநாள் பாதி எபிசோடிலேயே நின்றிருந்தது. என்ன உடம்புக்கு முடியவில்லையோ என்று கவலைப்பட்டேன். சிரிக்காதே, செத்தவளுக்கு உடம்புக்கு முடியவில்லையே என்று கவலைப்படுகிறவனை நானே இதுவரை கதையில்கூட எழுதியதில்லை. அப்படியே வளர்ந்து வளர்ந்து அந்தக் கோடு கடைசி எபிசோடின் வாசலுக்கு வந்தது. வந்து நின்றுவிட்டது. ஒரு வாரம், அடுத்த வாரம், நகரவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. என்னிடம் சத்தியம் வாங்கியவள், தானும் அந்தச் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு எனக்காகக் காத்திருக்கிறாள். ஆனால் பார்த்து முடித்துவிட்டால் பிறகு எதற்கு வருவாள்? அதனால் நானும் கடைசி எபிசோடைப் போடவில்லை. இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம்.

அந்த வாரத்தில்தான் நீ போன் செய்தாய். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியாச்சு என்று சொன்ன அதே மூச்சில், "அப்பா, நம்ம அக்கவுண்ட்டுல நிவேதாவுக்கு ஒரு ப்ரொஃபைல் போடணும்பா. அஞ்சுக்கு மேல போட முடியாது. அம்மாவோடதத் தூக்கிறவா?" என்றாய். டம்ளரைக் கழுவி வைக்கட்டுமா என்கிற மாதிரி கேட்டாய். உன் மேல் தப்பில்லை. எனக்குத்தான் அந்தப் பெண் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஏற்கெனவே எனக்கு அவள் மேல் குறை உண்டு. கோயம்புத்தூர்ப் பெண், நிச்சயதார்த்தத்தில் வாயே திறக்கவில்லை, திறந்தபோது என்னை அங்கிள் என்று கூப்பிட்டாள், ஏதோ எதிர்வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி. இப்போது வீட்டுக்குள் கால் வைக்கும் முன்னாலேயே உன் அம்மாவை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காரப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"என்னோடதத் தூக்குடா," என்றேன்.

"அப்பா, நீங்க பார்க்குறீங்கள்ல. அம்மா பார்க்கலைல்ல."

"பார்க்குறாடா."

உன் பக்கத்தில் பெங்களூர் டிராஃபிக் கேட்டது, என் பக்கத்தில் தறி கேட்டது. பிறகு, "சனிக்கிழமை வாரேம்ப்பா. நிவேதாவும் வாரா, சேலை எடுக்கணும்" என்று வைத்துவிட்டாய். அப்பனுக்கு மரை கழன்றுவிட்டதா என்று பார்க்கத்தான் வருகிறாய் என்பது எனக்குத் தெரியாதா. வந்ததும் என் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தாயே, நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீ குளிக்கப் போன நேரம். நிவேதா கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மழை லேசாகத் தூறி விட்டிருந்தது. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டே, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "செருப்பு நனையல" என்றாள். என் கையில் இருந்த காபி தட்டில் சிந்திவிட்டது. உன் அம்மா சொன்ன அதே இரண்டு வார்த்தை, கிட்டத்தட்ட அதே குரலில். "என்னம்மா சொன்ன?" என்றேன். அவள் பயந்துபோனாள். "இல்லீங்க அங்கிள், ஒரு சீரியல்ல... படகுல ஒரு பையன் வருவானுங்க..." என்று இழுத்தாள். அதற்குப் பிறகு எல்லாம் அவிழ்ந்தது. நீதான் ஏதோ கிரிக்கெட் மேட்ச் பார்ப்பதற்காக நம் அக்கவுண்ட்டை அவளுடைய டேப்லெட்டில் போட்டுக் கொடுத்து, அப்படியே மறந்தும் போயிருக்கிறாய். அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கேண்டீனில் திறந்திருக்கிறாள். ஐந்து முகத்தில் ஒன்றின் கீழே உன் அம்மா பெயர் இருந்திருக்கிறது.

"ஒருத்தங்க பாதியில விட்டுட்டுப் போயிருக்காங்க. அவங்களப் பத்திக் கார்த்திகிட்டக் கேட்டா, நல்லா சமைப்பாங்கன்னு மட்டும் சொல்றாருங்க. அவங்க விட்ட எடத்துல இருந்து பார்த்தா, கொஞ்சம் பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்குமேன்னு..." என்றாள். தலை குனிந்தே இருந்தது. "கடைசி எபிசோட மட்டும் பார்க்கலீங்க. அது இங்க வந்து, அவங்க உக்காந்து பார்த்த எடத்துல பார்க்கோணும்னு வெச்சிருக்கேன். எனக்குத் தனியா ப்ரொஃபைல் எல்லாம் வேண்டாம்னு சொன்னேன், கார்த்திதான் கேக்கல."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நெகிழ்ந்துபோய் அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்திருக்க வேண்டும். துருக்கிக்காரன் செய்திருப்பான். நான் தட்டில் சிந்திய காபியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியானால் மதியங்களில் யாரும் வரவில்லை. மின்விசிறியைக் காலி நாற்காலிக்குத்தான் திருப்பி வைத்திருக்கிறேன். செருமிக்கொண்டு வந்ததெல்லாம் சுவருக்கு. கார்த்தி, பேய் இல்லை என்று தெரிந்தால் மனுசன் நிம்மதியாக மூச்சு விடுவான் என்றுதான் எல்லாக் கதையிலும் எழுதியிருக்கிறது. எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவளில்லாமல் திரும்பி வந்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. அன்றைக்காவது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். "பார்த்துரலாம்மா," என்றேன். இனிமேல் எதற்குக் காத்திருப்பது.

அந்தச் சாயங்காலத்தைத்தான் நீ பேச மறுக்கிறாய். அதனால் நான் எழுதிவைக்கிறேன். நிவேதாவைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தேன். நீ தரையில் சுவரோடு சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ரிமோட்டை எடுத்துத் தொடரைப் போட்டுவிட்டு, பழக்கத்தில் அம்மா படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆரம்பப் பாட்டை யாரும் தள்ளவில்லை. கதை போகப் போக நீயும் போனைக் கீழே வைத்துவிட்டாய். வெளிச்சம் மங்கி, கூடத்தில் டிவியின் நீலம் மட்டும் மிஞ்சியது. அந்தப் பையனுக்குத் தான் யார் என்பது தெரிந்துவிட்டது. கடைசிப் படகு கரையை விட்டுக் கிளம்புகிறது. டிக்கெட் கிழிக்கும் பெண், மிஞ்சிய அந்த ஒரு டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு படகுத்துறையில் நிற்கிறாள். உதடு பிதுங்குகிறது. வாயைத் திறக்கிறாள்.

சத்தம் நின்றுவிட்டது.

படம் நிற்கவில்லை. அவள் மார்பில் அடித்துக்கொண்டு, முழங்கால் மடங்கி, ஒரு சத்தமும் இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். திரையின் மூலையில் சத்தத்தை நிறுத்திவிட்டதாகச் சொல்லும் அந்தச் சின்ன அடையாளம் தெரிந்தது. தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, கரண்ட் போகவில்லை. "அப்பா, ரிமோட்டு மேல உக்காந்துட்டீங்களா?" என்றாய். நான் அம்மா படத்தைக் காட்டினேன். கறுப்புக் கயிற்றோடு ரிமோட் அங்கே, நான் வைத்த இடத்திலேயே இருந்தது. நம் மூவரில் யாருடைய கையும் எட்டாத தூரம். விளக்கு ஏற்றாமல் இருந்தது. நிவேதாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. நானும் சொல்லவில்லை, நீயும் சொல்லியிருக்க மாட்டாய். சிவப்புக் கோட்டிலும் அது பதிந்திருக்காது. நீ என் முகத்தைப் பார்த்தாய். சின்னப் பிள்ளையில் வாயில் கல்கண்டோடு பார்ப்பாயே, அதே பார்வை. பிறகு பேட்டரி, சென்சார் என்று எதையும் சொல்லாமல் எழுந்து போய் விளக்கை ஏற்றினாய். இரண்டு தீக்குச்சி அணைந்து, மூன்றாவதில்தான் பற்றியது. விபூதி எடுத்து எனக்குப் பூசினாய், நிவேதாவுக்கும் பூசினாய். ரிமோட்டை நீ தொடவில்லை. நீ திரும்பி வந்து உட்கார்ந்ததும் டிக்கெட் பெண்ணின் அழுகை, பாதியிலிருந்து, நம் கூடத்தில் கேட்டது.

தொடர் எப்படி முடிந்தது என்று யார் கேட்டாலும் நான் சொல்வதில்லை, அந்தக் கோடாங்கி வீட்டு மருமகளை நினைத்து. அது முடிந்து எழுத்து ஓடும்போது நிவேதா என் பக்கம் திரும்பி, "மாமா, அத்தைக்கு முடிவு புடிச்சிருக்குங்களா?" என்றாள். அங்கிள் என்று சொல்லவில்லை என்பதை நான் மறுநாள்தான் கவனித்தேன்.

ஆகவே, உன் கல்யாணத்துக்கு என்னிடம் ஒரே ஒரு புத்திமதிதான் இருக்கிறது. அம்மா பெயரைத் தூக்காதே. ஆறாவதாக ஒரு ஆளுக்கு இடம் வேண்டியிருந்தால் என்னுடையதைத் தூக்கு. எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று போதும். அவள் கூடவே உட்கார்ந்துதானே அத்தனையும் பார்த்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று மதியம் சாப்பிட வந்தபோது, செருமிக்கொண்டேதான் வந்தேன், டிவியைப் போட்டேன். அம்மாவின் பெயருக்குள் புதிதாக ஒரு ஜப்பான் தொடர் இருந்தது. அதன் கீழே இப்போதுதான் தொடங்கியிருக்கும் சின்னச் சிவப்புக் கோடு. அது நிவேதாவா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். மின்விசிறியை நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். நீயும் கேட்காதே.